உறுதியும் உழவும்

(நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இலண்டனில் வாழ்ந்து, அண்மையில் தாயகம் வந்த திருகோணமலைப் பொறியியலாளர் ஒருவர், கப்பல்துறையில் நடைபெற்ற ஊர்க்கூட்டத்தில் ஆற்றிய உரை.)

பயண அனுபவங்களைப் பற்றிப் பேசுமாறு உங்கள் செயலாளர் என்னைக் கேட்டுக்கொண்டார். பிற நாடு சென்று வந்தவன் தன் நாட்டு மக்களுக்கு அந்நாட்டின் புதுமைகளை எடுத்துரைப்பதே வழக்கம். என் நிலைமையோ வேறு. பிறந்த ஊருக்கே பயணியாக வந்து, விடுதியில் அறை எடுத்துத் தங்கி, என் ஊரைப் பற்றி உங்களிடமே சொல்ல வந்து நிற்கிறேன். இதனைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. அந்த வெட்கத்தை முதலில் ஒப்புக்கொண்டால்தான் மற்றவற்றை உண்மையாகச் சொல்ல முடியும்.

நான் வந்தது ஊர் பார்ப்பதற்கு அன்று. தம்பலகாமத்தில் என் தாயாருக்குச் சீதனமாக வந்த நான்கு ஏக்கர் வயற்காணி உண்டு. அதனை விற்றுவிட்டுப் போகவே வந்தேன். காணி உறுதியை இலண்டனிலிருந்து கைப்பையில் வைத்துக்கொண்டு வந்தேன். வாங்குபவர் ஒருவரும் ஆயத்தமாக இருந்தார். கையொப்பமிட ஒரு நாள். உறவினரைக் காண ஒரு நாள். கோணேசர் கோவிலுக்கு ஒரு நாள். இதுவே என் திட்டம். அத்திட்டம் என்னவாயிற்று என்பதே இன்றைய பேச்சு.

விடியலில் கேட்ட பெயர்கள்

கொழும்புக் கோட்டையில் இரவுப் புகையிரதம் ஏறினேன். விமான நிலையத்திலிருந்து நேரே வாகனத்தில் வந்திருக்கலாம். ஆயினும் 1927 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அந்த இருப்புப் பாதையில்தான் என் பாட்டனார் முதன்முதல் கொழும்பு கண்டார். அதே பாதையில்தான் நான் பேராதனைக்குப் படிக்கச் சென்றேன். கல்லோயாச் சந்தியில் வண்டி நெடுநேரம் நின்றது. கருக்கலில் கந்தளாய் வந்தது. பின்னர் முள்ளிப்பொத்தானை, தம்பலகாமம், சீனன்குடா என்று ஒவ்வொரு நிலையமாக வந்தது. நான் யன்னலைத் திறந்து, பெயர்ப்பலகை கண்ணுக்குப் படுமுன்பே அடுத்த நிலையத்தின் பெயரை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். ஒன்றுகூடத் தவறவில்லை. இலண்டனில் நான் நாற்பது ஆண்டுகளாக ஏறி இறங்கிய பாதையின் நிலையங்களை இவ்வாறு வரிசையாகச் சொல்ல என்னால் இயலாது.

தம்பலகாமத்தில் அறுவடை நாள். ஈரச் சேற்றின் மணமும் வைக்கோலின் மணமும் கலந்து வண்டிக்குள் புகுந்தன. என் எதிரே இருந்த இளைஞர் கைத்தொலைபேசியைப் பார்த்தபடி இருந்தார். அவருக்கு அது நாளும் கிடைக்கும் மணம். எனக்கோ தொண்டை அடைத்தது.

பெயரில் உள்ள கப்பல்

உங்கள் ஊரின் பெயர் சிறுவயதில் எனக்குப் பெரிய புதிராக இருந்தது. கண்டி வீதியால் மாட்டுவண்டியில் வயலுக்குப் போகும்போது என் தந்தையார், "இதுதான் கப்பல்துறை" என்பார். நான் எழுந்து நின்று கப்பலைத் தேடுவேன். இரு மருங்கும் மரங்களே தெரியும். "அப்பா, கப்பல் எங்கே?" என்று கேட்டால், "பெயரில் இருக்கிறது" என்று சிரிப்பார்.

கப்பல்களுக்குத் திருகோணமலையில் என்றும் குறைவிருந்ததில்லை. ஆழமான இயற்கைத் துறைமுகம் ஒன்று இங்கே இருக்கிறது என்று அறிந்த நாள் முதலாக உலகத்தின் வல்லரசுகள் இதன்மேல் கண் வைத்தன. போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினர். 1639 இல் ஒல்லாந்தர் அக்கோட்டையைக் கைப்பற்றினர். 1782 ஆம் ஆண்டில், ஒரே ஆண்டுக்குள், ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயருக்கும் ஆங்கிலேயரிடமிருந்து பிரெஞ்சுக்காரருக்கும் இத்துறைமுகம் கைமாறிற்று. 1795 இல் மீண்டும் வந்த ஆங்கிலேயர் 162 ஆண்டுகள் தங்கினர். இவர்கள் எல்லோரும் கடலின் ஆழத்தை அளந்தார்கள். பீரங்கி வைக்கும் மேடுகளை அளந்தார்கள். கந்தளாய்க் குளத்து நீர் பாயும் தம்பலகாமத்து வயலில் ஏக்கருக்கு எத்தனை அவணம் நெல் விளைகிறது என்பது அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை. அந்தக் கணக்கு நம் முன்னோரிடம் இருந்தது. அதனால்தான் கொடிகள் மாறியபோதும் ஊர் மாறாமல் நின்றது.

தந்தையாரின் கருவிப் பெட்டி

என் தந்தையார் துறைமுகத்தில் தச்சுவேலை செய்தவர். 1942 ஏப்பிரல் 9 ஆம் நாள் காலை யப்பானிய விமானங்கள் திருகோணமலைமீது குண்டு வீசியபோது அவருக்கு வயது இருபத்திரண்டு. சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கி ஒன்று எரிந்த எரியைப் பற்றி அவர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் "ஹேர்மிஸ்" என்னும் விமானந்தாங்கிக் கப்பலும் கடலில் மூழ்கியது. யாருடைய போர், எதற்காக நடந்த போர் என்று அறியாமலே நம் மக்கள் பானை சட்டிகளைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடினார்கள். பிற்காலத்தில் ஓடியவர்களுக்கு அது முன்னோட்டம் போலும்!

1957 அக்டோபர் 15 ஆம் நாள் ஆங்கிலேயர் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்தனர். எனக்கு அப்போது ஏழு வயது. நாட்டுக்கு அது பெருமைக்குரிய நாள் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள், உண்மையும் அதுவே. ஆயினும் அதன்பின் ஒரு மாலையில் என் தந்தையார் தம் கருவிப் பெட்டியைச் சைக்கிளின் பின்னே கட்டிக்கொண்டு வீடு வந்தார். பெட்டி வீட்டுக்கு வந்தால் வேலை முடிந்தது என்று பொருள். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. அன்றிரவு, "தம்பலகாமத்துக் காணி இருக்கிறதுதானே" என்று மட்டும் சொன்னார்.

அந்த ஒரு சொல்லில் எங்கள் குடும்பம் பிழைத்தது. உளி பிடித்த கை மண்வெட்டி பிடித்தது. முதல் இரண்டு போகமும் தந்தையாருக்குச் சரிவரவில்லை. அயல் வயற்காரர்கள் சிரித்தார்கள். பிறகு அவர்களே வந்து கற்றுக் கொடுத்தார்கள். நானும் அக்காவும் விடுமுறை நாட்களில் வாடியில் தங்குவோம். களவெட்டியில் எருமைகள் சுற்றிச் சுற்றிச் சூடு மிதிக்கும். இரவில் பந்த வெளிச்சத்தில் பொலி தூற்றுவார்கள். களத்தில் நெல் குவிந்திருக்கும்போது அதன் பக்கத்தில் நின்று "குறைவு" என்ற சொல்லைச் சொல்லக்கூடாது. நான் ஒருமுறை சொல்லிவிட்டு அம்மாவிடம் குட்டு வாங்கினேன். அந்த நெல்லை விற்றுத்தான் என்னைப் பேராதனைக்கு அனுப்பினார்கள். நான் பொறியியலாளன் ஆனது அரசாங்கத்தின் இலவசக் கல்வியால் பாதி. அந்த நான்கு ஏக்கரால் பாதி.

1963 இல் கோணேசர் கோவில் மீண்டும் எழுந்து கும்பாபிடேகம் நடந்தபோது, தந்தையாரின் தோளைப் பிடித்துக்கொண்டு கோட்டைக்குள் சென்ற கூட்டத்தில் நானும் ஒருவன். பல நூற்றாண்டுகளுக்கு முன்னர் அடியார்கள் மண்ணில் மறைத்த திருவுருவங்கள், நான் பிறந்த 1950 ஆம் ஆண்டில் கிணறு வெட்டும்போது வெளிப்பட்டன என்று பாட்டி சொல்லுவார். மண் தன்னிடம் கொடுத்ததைத் திருப்பித் தரும் என்பது அவர் கொள்கை.

நொக்ஸும் நானும்

1660 இல் புயலில் பாய்மரம் முறிந்த ஆங்கிலக் கப்பலொன்று பழுது பார்க்கக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. அதில் வந்த றொபேட் நொக்ஸ் என்னும் இளைஞர் கண்டி அரசனின் ஆட்களிடம் அகப்பட்டு, 19 ஆண்டுகள் இந்நாட்டில் சிறையிருந்தார். 1679 இல் தப்பி ஓடி, 1681 இல் இலண்டனில் புத்தகம் வெளியிட்டார். அப்புத்தகத்தை நான் இலண்டன் நூலகமொன்றில் இருந்து வாசித்தேன். திருகோணமலையிலிருந்து இலண்டனுக்குப் போக ஏங்கிய மனிதரின் கதையை, இலண்டனிலிருந்து திருகோணமலைக்கு ஏங்கியவன் வாசித்தேன். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அவரைக் காவலர் தடுத்தனர். தடை நீங்கும் வழி கண்ட அன்றே அவர் ஓடினார். என்னை 1983 ஆம் ஆண்டின் நெருப்பு துரத்தியது உண்மை. 1984 இல் நான் புறப்பட்டபோது வேறு வழி தெரியவில்லை. ஆனால் 2009 இல் போர் ஓய்ந்த பின்னும் நான் வராமல் இருந்ததற்குக் காவலர் யாரும் காரணமல்லர். வேலை, வீட்டுக்கடன், பிள்ளைகளின் படிப்பு, குளிர்காலத்தில் மலிவான பயணச்சீட்டு இல்லை என்பன போன்ற சாக்குகளே எனக்குக் காவலாக நின்றன. இடையில் 2003 இல் ஒருமுறை வந்தேன். மூன்று நாள் தங்கினேன். வயலுக்குப் போகவில்லை.

அப்பியாசக் கொப்பி

இம்முறை விற்பனைக்கு முன் எல்லையைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே வயலுக்குப் போனேன். எருமைகள் இல்லை, அறுவடை இயந்திரம் ஒரு மணி நேரத்தில் ஓர் ஏக்கரை முடித்துக்கொண்டு நகர்ந்தது. வரம்புகள் மட்டும் என் தந்தையார் போட்ட அதே வரம்புகள்.

நான் போன ஆண்டில் எங்கள் வயலைக் குத்தகைக்கு எடுத்தவர் இறந்துவிட்டார். அவர் மனைவியும் மகனும் செய்கிறார்கள். அந்த அம்மையார் ஒரு பழைய அப்பியாசக் கொப்பியைக் கொண்டுவந்து என் கையில் தந்தார். ஒவ்வொரு போகத்துக்கும் ஒரு வரி. விளைந்த மூட்டை எத்தனை, பட்டினத்தில் இருந்த என் அக்காவுக்கு அளந்த மூட்டை எத்தனை என்ற கணக்கு. 1986 சிறுபோகத்துக்கு எதிரே மூட்டை இல்லை. "குளம் உடைந்தது" என்று இருந்தது. அவ்வாண்டு ஏப்பிரல் 20 ஆம் நாள் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனதை நான் இலண்டனில் செய்தித்தாளில் வாசித்து, அன்றிரவு நன்றாகத் தூங்கியவன். 1990 க்கு எதிரே "ஊரில் இல்லை" என்று எழுதியிருந்தது. அதன் கீழே சில ஆண்டுகள் வெறுமையாகக் கிடந்தன. பிறகு ஓராண்டில், "காடு வெட்டினோம். விளைச்சல் எங்களுக்கே போதாது. அடுத்த போகம் தருகிறோம்." அடுத்த வரியில் தந்திருக்கிறார்கள்! 2021 இல் இரசாயனப் பசளை நிறுத்தப்பட்ட பின் வந்த பெரும்போகத்துக்கு எதிரே, "பசளை இல்லை. பாதி."

நான் விற்கப் போகிறேன் என்ற செய்தி அவருக்கு முன்னரே எட்டியிருந்தது. அவர் அழவில்லை, வாதாடவும் இல்லை. "காணி உங்கட. விக்கிறது உங்கட விருப்பம், தம்பி. வாங்குறவர் உழுவாரோ, கம்பி அடிச்சு வளைச்சுப் போட்டு வைப்பாரோ எண்டு மட்டும் ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்கோ" என்றார்.

அன்று மாலையே வாங்குபவரிடம் கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை. "உழுது என்ன காண்பது? விலை ஏறும்வரை கிடக்கட்டும்" என்றார். அவரை நான் குறை சொல்லேன். நாற்பது ஆண்டுகளாக நானும் அதைத்தானே செய்தேன்! உழுதவர் வேறு ஒருவர் என்பதால் அது எனக்குத் தெரியாமல் இருந்தது.

சட்டம் சொல்லும் பாடம்

மறுநாள் ஒரு சட்டத்தரணியைக் கண்டு பேசினேன். அவர் சொன்னவற்றை நீங்களும் அறிந்திருப்பது நன்று. ஒருவர் பிறருடைய காணியைப் பத்து ஆண்டுகள் இடையூறின்றி, சொந்தக்காரரின் உரிமையை ஏற்காமல் ஆண்டுவந்தால், அந்த ஆட்சியைக் காட்டியே உரிமை கோருவதற்கு 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இடமளிக்கிறது. போரினால் காணிக்கு வர இயலாதிருந்தோர் கெட்டுப் போகக்கூடாது என்று, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதற்கு 2016 இல் ஒரு சட்டம் வந்தது. அதன்கீழ் வழக்கிட இரண்டு ஆண்டுகளே தரப்பட்டன. அந்த இரண்டு ஆண்டுகளும் எப்போதோ கடந்துவிட்டன. இலண்டனில் எங்களில் எத்தனை பேர் அதை அறிந்திருந்தோம்?

அப்படியானால் என் காணி எப்படித் தப்பியது? அந்த அம்மையார் அளந்த நெல்லினால் தப்பியது. குத்தகை அளப்பவர் சொந்தக்காரரின் உரிமையை ஏற்கிறார். அவர் அளந்த ஒவ்வொரு மூட்டையும் என் பெயருக்கு ஒரு சாட்சி. நான் உறுதியை இரும்புப் பெட்டியில் வைத்துக் காணியைக் காப்பதாக எண்ணியிருந்தேன். அந்த உறுதிக்கு உயிர் ஊட்டியவர் எழுத்துக் கூட்டிக் கணக்கெழுதிய ஒரு பெண்மணி.

2025 மார்ச் 28 ஆம் நாள் வடமாகாணத்தில் 5,940 ஏக்கர் காணியைக் குறித்து, உரிமை கோருவோர் மூன்று மாதத்துக்குள் வரவேண்டும் என்று வர்த்தமானி அறிவித்தல் ஒன்று வெளியாயிற்று. எதிர்ப்பும் வழக்கும் எழுந்தபின் அது நிறுத்தப்பட்டது. அது வடக்கின் செய்தி என்று நாம் இருந்துவிடலாகாது. மக்கள் இல்லாத காணி பத்து ஆண்டில் காடாகும். காடான பின் அது யாருடையது என்ற கேள்வி எழும். அக்கேள்விக்கு மூன்று மாதத்தில் விடை சொல்ல ஊரில் ஆள் வேண்டும்.

நம் மாவட்டத்திலேயே இதற்கு மறுபக்கமும் உண்டு. 2006 இல் சம்பூர் மக்கள் இடம்பெயர்ந்தார்கள். அவர்கள் நிலம் வேறு தேவைகளுக்கென ஒதுக்கப்பட்டது. வேறிடம் தருகிறோம் என்று சொன்னபோதும் அவர்கள் முகாம்களிலே காத்திருந்தார்கள். 2015 ஆம் ஆண்டிலும் அதன் பின்னரும் காணிகள் விடுவிக்கப்பட, திரும்பிப் போனார்கள். அவர்களிடம் பணம் இல்லை. எங்கள் காணி எங்கே இருக்கிறது என்று நாள்தோறும் சொல்லிக்கொண்டிருக்கும் வாய் இருந்தது.

நான் செய்தது

நான் காணியை விற்கவில்லை. இதற்காக யாரும் என்னைப் பாராட்ட வேண்டாம். நான் கொடுத்தது எதுவுமில்லை. பெற்றதை நாற்பது ஆண்டு தாமதித்து எண்ணிப் பார்த்தேன், அவ்வளவே. குத்தகைக் கமக்காரருக்குப் பாதுகாப்பளிக்கும் ஏற்பாடுகள் 1958 ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் முதல் இந்நாட்டில் உண்டு. ஆயினும் அந்த அம்மையாரின் மகன் பெயர் எந்தப் பதிவிலும் இருக்கவில்லை. கமநல சேவை நிலையத்தில் அதற்கு விண்ணப்பித்திருக்கிறோம். குத்தகையை எழுத்தில் போட்டோம். இனி வரும் பத்துப் போகத்துக் குத்தகை என் கைக்கு வராது. வாய்க்காலைத் திருத்துவதற்கும் வரம்பைக் கட்டுவதற்கும் அது செலவாகும். என் பிள்ளைகள் என்றாவது விற்க விரும்பினால், முதலில் அவரைத்தான் கேட்க வேண்டும் என்றும் எழுதி வைத்திருக்கிறேன். என் மகளுக்குத் தொலைபேசியில் இதைச் சொன்னேன். "அப்பா, அந்தக் கொப்பியைப் படம் எடுத்து அனுப்புங்கள்" என்றாள். தமிழ் வாசிக்க அவளுக்குக் கடினம். ஆண்டுகளை வாசித்திருக்கிறாள். 1990 க்குக் கீழே ஏன் வெறுமையாக இருக்கிறது என்று கேட்டாள். அன்றிரவு நாங்கள் இரண்டு மணி நேரம் பேசினோம்.

நண்பர்களே! வெளிநாட்டில் இருக்கும் எல்லோரும் திரும்பி வந்து ஏர் பிடிக்க வேண்டும் என்று நான் சொல்லேன். எழுபத்தைந்து வயதில் நானே பிடிக்கப் போவதில்லை. நான் கேட்பது சிறிய கருமங்கள். வெளியில் இருப்பவர்களே, உங்கள் காணியை இன்று யார் உழுகிறார் என்று கேளுங்கள்; அவர் பெயரை எழுத்தில் போடுங்கள்; விற்கத்தான் வேண்டுமென்றால், உழுபவரிடம் முதலில் கேளுங்கள். இங்கே கற்றுத் தொழில் பார்க்கும் நண்பர்களே, சட்டம் தெரிந்தவர்களும் நில அளவை தெரிந்தவர்களும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்த ஊர் மண்டபத்தில் வந்து அமருங்கள்; உறுதி தொலைந்தவர்களும் பதிவு இல்லாதவர்களும் உங்களைத் தேடி வருவார்கள். இதோ என் எதிரே அமர்ந்திருக்கும் கமக்காரரே, உங்களுக்கு நான் புத்தி சொல்ல ஒன்றுமில்லை. கணக்கை எழுதி வையுங்கள் என்ற ஒரு வேண்டுகோள் மட்டும் உண்டு. பாதி விளைந்த ஆண்டையும் எழுதுங்கள். விளையாத ஆண்டையும் எழுதுங்கள்.

சீனன்குடாவில் உலகப் போருக்கு முன் எழுப்பிய எண்ணெய்த் தாங்கிகளுள் இன்று எஞ்சியுள்ளவை 99. அவற்றை யார் எத்தனை பகிர்ந்து கொள்வது என்று 2022 சனவரியில் இரு நாடுகள் கூடி ஒப்பந்தம் எழுதின. ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு, வரைபடம் உண்டு, கையொப்பம் உண்டு. பயன்படாமல் கிடந்த இரும்புத் தாங்கிக்கு இவ்வளவு கவனமாகக் கணக்கு வைக்கும் உலகத்திலே, சோறு தரும் வயலுக்குக் கணக்கு வைக்க நாம் சோம்பியிருக்கலாமா?

நாளை இரவு வண்டியில் புறப்படுகிறேன். பெரும்போக அறுவடைக்கு, மாசி மாதத்தில், மகளையும் அழைத்துக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறேன். வருகிறேன் என்று 1984 இலும் சொன்னவன் நான். ஆகவே என் சொல்லை நீங்கள் நம்ப வேண்டியதில்லை. மாசி பிறந்ததும் இந்த வீதியில் வந்து கப்பல் தேடும் ஆள் ஒருவன் நிற்கிறானா என்று பாருங்கள்.